ஊர் சுற்றப் போன மச்சம்

எங்கள் காத்தான்நேரியில் ஆடிமாசத்துக் காற்று எதையெதையெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது என்று கேட்டால், பள்ளிக்கூடத்துத் தகரக்கூரை, சர்ச்சு மணிக்கயிறு, பஞ்சாயத்துத் தலைவர் கட்டியிருந்த வேட்டி, பந்தலோடு சேர்த்து ஒரு கல்யாணம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் ஒரு வருஷம் ஆடி முதல் செவ்வாய்க்கிழமை விடியலில் சுயம்புகனியின் வலது தாடையில் இருந்த மச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனதே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய களவு என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சுக் கிடையாது.

அந்த மச்சத்தை எல்லோருக்கும் தெரியும். உளுந்து பருமன், கொஞ்சம் மேடு தட்டியது, தடவினால் விரலில் இடறும். சுயம்புகனி எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அதைவிட முக்கியமாக, தென்பக்கத்தில் காம்பவுண்டு வில் வைத்து எய்கிற ஒரே பெண்பிள்ளை. காம்பவுண்டு வில் என்றால் கோயில் சித்திரத்தில் ராமர் வைத்திருக்கிறாரே, அது இல்லை. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்து, குறி பார்க்கக் கண்ணாடி வைத்து, நாணில் பொட்டு அளவுக்கு ஒரு வளையம் வைத்து, பார்த்தால் சைக்கிள் கடையில் பாதியில் விட்ட சாமான் மாதிரி இருக்கும். இழுக்க ஆரம்பிக்கும்போது, வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற எருமையைக் கயிற்றைப் பிடித்து இழுக்கிற பாடு. முழுசாக இழுத்து முடித்ததும் பாரத்தில் முக்கால்வாசியைச் சக்கரங்களே வாங்கிக்கொள்ள, நாண் கைக்குள் அடங்கி அமைதியாகிவிடும். அந்த அமைதியான நேரத்தில் கை எங்கே நிற்கிறது என்பதில்தான் வித்தை மொத்தமும் இருக்கிறது. நேற்று நின்ற இடத்தில் இன்றும், போன அம்புக்கு நின்ற இடத்தில் இந்த அம்புக்கும், அணுப்பிசகாமல் கை முகத்தில் போய் உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு ஆங்கர் என்று பெயர். முகத்தில் ஒரு நூல் தள்ளி வைத்தால் அம்பு அங்கே வைக்கோல் பலகையில் ஒரு சாண் தள்ளிப் போகும். நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன், அவள் எய்வதைப் படம் பிடித்துப் பிடித்தே இவ்வளவும் எனக்கு மனப்பாடம்.

பழைய வில்லாக அதை விற்ற சென்னைக்காரர் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார். "தாடை எலும்புல ஒரு இடத்தைப் பிடிச்சுக்குங்கம்மா, கடைசி வரைக்கும் அதை விடாதீங்க" என்றார். சுயம்புகனியின் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று மனைவியின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இடத்தை எதுக்குத் தேடணும்? அதான் ஆண்டவனே புள்ளி வச்சு அனுப்பியிருக்கானே" என்றார். எலும்பைப் பிடிக்கச் சொன்னால் மச்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு தப்பை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர உலகத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரர் பெயர் ஐகோர்ட்துரை. குலசாமியின் பெயர், மற்றபடி எந்தக் கோர்ட்டு வாசலையும் மிதிக்காத மனுஷன். காற்றாலைக் கம்பெனியில் கோபுரம் ஏறுகிற வேலை. சாயங்காலம் வேலை முடிந்து மைதானத்துக்கு வந்து, பெண்டாட்டிக்குப் பக்கவாட்டில் நின்று, அவள் நாணை இழுத்துக் கை தாடைக்கு வந்ததும் உற்றுப் பார்ப்பார். ஆள்காட்டி விரலின் முட்டி சரியாக மச்சத்தில் உட்கார்ந்தால் "சரி" என்பார். அவள் அம்பை விடுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்தச் "சரி" என்ற ஒரு வார்த்தையில்தான் இருவரும் குடும்பம் நடத்தினார்கள் என்று என் மனைவி சொல்லுவாள், எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

மச்சம் போன அன்றைக்கு சாயங்காலம் சுயம்புகனி இழுத்த அம்புகளில் ஒன்று பலகைக்கு மேலே, ஒன்று கீழே, ஒன்று மைதானத்து வேலியைத் தாண்டி சேவியர் வீட்டு வைக்கோல் படப்பில். கை எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தாடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஐகோர்ட்துரை பார்த்தார், பார்த்தார், "சரி" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பைய இறக்குட்டி" என்று மட்டும் சொன்னார். அவள் வில்லை மெல்லத் தளர்த்தி இறக்கிவிட்டு, புற்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். எங்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மச்சம் பரோட்டா மாஸ்டர் பீர்முகமதுவின் வலது தாடையில் இருந்தது.

அதே உளுந்து பருமன், அதே மேடு, அதே இடம். பீர்முகமது கழுவிப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார், கடைசியில் கடைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அன்றைக்கு அவர் வீசிய பரோட்டா ஒவ்வொன்றும் காம்பஸ் வைத்து வரைந்த வட்டம். கல்லில் போட்டால் போட்ட இடத்தில் விழுந்தது, தட்டில் எறிந்தால் தட்டின் நடுவில் விழுந்தது. மறுநாள் அவருக்கு மச்சம் இல்லை, பரோட்டாவும் பழையபடி இந்தியா மேப் ஆகிவிட்டது. மச்சம் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ரூத்மேரிக்கு வந்திருந்தது. அவர் அன்றைக்கு எந்தக் குழந்தைக்கும் இரண்டாம் தடவை ஊசி குத்தவில்லை. அடுத்த நாள் காய்கறி லாரி ஓட்டுகிற மாடசாமிக்கு. சந்தைத் தெருவில் ரிவர்ஸ் எடுத்து ஒரு கூடையைக்கூட இடிக்காமல் வெளியே வந்தார். அதற்கடுத்த நாள் கூட்டத்தில் பேசுகிற கட்சிக்காரர் ஒருவருக்கு வந்தது. அவர் மேடையேறி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திக் கீழே இறங்கிவிட்டார். ஊரே ஸ்தம்பித்துப் போனது அன்றைக்குத்தான்.

இப்படியாக மச்சம் தெருத்தெருவாகப் போயிற்று. சாதி மதம் பார்க்கவில்லை, ஆண் பெண் பார்க்கவில்லை, ஒரு நாள் ரேஷன் கடைக்காரரின் ஆட்டுக்கும் போனது. அந்த ஆடு மதில்மேல் ஏறி நின்று பகல் முழுக்கக் கால் இடறாமல் அசைபோட்டது. யாரிடம் போகிறதோ அவர் கை அன்றைக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போய் நிற்கும், அவ்வளவுதான். புதையல் கிடைக்காது, லாட்டரி விழாது. இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊருக்குச் சில வாரம் பிடித்தது. அதற்குள் மச்ச பலன் சொல்கிறேன் என்று வெளியூரிலிருந்து வந்த ஜோசியர் ஒருவர், ஓரிடத்தில் நிற்காத மச்சத்துக்குச் சாஸ்திரத்தில் இடமில்லை என்று வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். டீக்கடையில் காலையில் முதல் பேச்சே "இன்னைக்கு யார்கிட்ட வே இருக்கு?" என்பதுதான். பரீட்சை நாளில் தாய்மார்கள் சுயம்புகனியிடம் போய், "டீச்சர், நாளைக்கு ஒரு நாள் எம்மவ பக்கம் போகச் சொல்லுங்களேன்" என்று கேட்பார்கள். "நான் சொன்னா கேக்குமாக்கா? கேட்டா என்கிட்டல்லா இருந்திருக்கும்" என்பாள் அவள். கேட்கிறவர்களுக்கு அப்புறம்தான் உறைக்கும்.

அவள் அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்ததைப் பார்த்துத்தான் ஊரில் ஒரு முறை வைத்தோம். மச்சம் என்ன இருந்தாலும் அவள் பொருள். அன்றைக்கு அது யார் முகத்தில் விழித்ததோ அவர் சாயங்காலம் மைதானத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். பெண்கள் என்றால் சுயம்புகனி பக்கத்தில் வந்து, விரல் முட்டியால் அந்த மச்சத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். கைக்கு மறந்துவிடக் கூடாதல்லவா. ஆண்கள் என்றால் அவள் தள்ளி நின்றுகொள்வாள், ஐகோர்ட்துரை வந்து தன் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, "அப்படியே இருக்கு கனி, ஒண்ணும் தேயல" என்று திரும்பிச் சொல்வார். கல்யாண வீட்டுக்குப் போகிற பதவிசில் ஜனங்கள் தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு போனார்கள். ஆட்டைக்கூடக் குளிப்பாட்டித்தான் கூட்டிப்போனார்கள்.

ஒருநாள் அது எனக்கும் வந்தது. அன்றைக்கு நான் எடுத்த பாஸ்போர்ட் படங்களில் ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்குப் போனேன். ஐகோர்ட்துரை என் முன்னால் வந்து, கட்டைவிரலை என் தாடையில் வைத்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த விரல் நடுங்கியது. குளிரிலோ காய்ச்சலிலோ நடுங்குகிற நடுக்கமில்லை. மச்சத்தின்மேல் வைத்ததும் அது நிற்கும் என்று எதிர்பார்க்கிற மாதிரி அழுத்தினார், நிற்கவில்லை. எடுக்கவும் மனசில்லாமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மாப்ள இது?" என்றேன், அவளுக்குக் கேட்காமல்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"என்கிட்டச் சொல்லும்."

சொன்னார். மச்சம் போனதற்கு முந்தின நாள் மேற்குக் கடைசிக் கோபுரத்தின் உச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காற்று ஒரு சுழற்றுச் சுழற்ற, கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே போய்விட்டது. கீழே கூட்டாளி அருமைராஜ் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் காலுக்குப் பக்கத்தில் மண்ணில் அது கைப்பிடி வரை இறங்கியது. அருமைராஜ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாராம், அவ்வளவுதான். "விழுந்தது நானா இருந்தாக்கூடப் பரவாயில்ல அண்ணாச்சி. எங்கைதான் அவனக் கொல்லப் பாத்திருக்கு" என்றார். அன்றிலிருந்து கோபுரத்துக்குள் ஏணியில் கால் வைத்தாலே கை உதறுகிறது. கொக்கி மாட்டுகிற வளையம் கண்ணெதிரே இருக்கிறது, கை வேறெங்கோ போகிறது. அருமைராஜ்தான் நல்ல மனசோடு மேல்வேலையெல்லாம் தான் செய்துகொண்டு, இவரைக் கீழே கரண்டுப் பெட்டி வேலைக்கு விட்டு மூடி மறைத்துக்கொண்டிருக்கிறார்.

"கனிக்குத் தெரியுமா?"

"அவளுக்கு இருக்க கவலை போதும்" என்றார். பிறகு என் தாடையைப் பார்த்து, ஒரு குழந்தை மிட்டாய்க் கடையைப் பார்ப்பதுபோல் பார்த்து, "இது ஊர் பூரா போவுது, எங்கிட்ட மட்டும் வர மாட்டேங்கு" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே மச்சத்தைப் பிய்த்து அவரிடம் கொடுத்துவிடலாமா என்றிருந்தது. அப்புறம் திரும்பி, தெளிவான குரலில், "அப்படியே இருக்கு கனி" என்று மனைவிக்குச் சொன்னார்.

அவளுக்குத் தெரியாமலா இருக்கும். காலையில் பல் தேய்க்கும்போது பாத்ரூம் கண்ணாடியில் வலது தாடையை ஒரு தரம், சட்டை போடும்போது பீரோக் கண்ணாடியில் ஒரு தரம், தெருவில் நிற்கிற ஆட்டோக் கண்ணாடியில் ஒரு தரம் புருஷன் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இவருக்கு எதற்கு மச்சம் என்று யோசித்தவள், ஒருநாள் அவர் டீத்தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைக் கண்டு புரிந்துகொண்டாள். கேட்கவில்லை. கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று பயந்தாள். அவரும் சொல்லவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாததுபோல நடித்துக்கொண்டு, சாயங்காலமானால் மைதானத்துக்கு வந்து நின்றார்கள்.

மச்சத்துக்குப் பதில் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள், வியர்வையில் வழுக்கிக் கழுத்துக்குப் போயிற்று. ஐகோர்ட்துரை பேனாவால் புள்ளி வைத்தார், அது விரலுக்குத் தெரியவில்லை. மளிகைக்கடை அக்கா ஒரு மிளகைப் பசையோடு கொண்டுவந்து ஒட்டிவிட்டாள். காரம் எரிந்து, அவள் எய்ததெல்லாம் கண்ணீரோடு போனது. அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, பலகைக்கு மிக அருகில் நின்று, குறியே பார்க்காமல், கால் ஊன்றுவதையும் தோள் தாழ்வதையும் முதுகு இழுப்பதையும் மட்டும் கவனித்து எய்து பழகினாள். எல்லாம் சரியாக இருக்கும், கடைசியில் கை முகத்துக்கு வந்ததும் மச்சத்தைத் தேட ஆரம்பிக்கும். தேடினால் போச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் வலதுபக்கமாய் ஒருக்களித்துத் தூங்கிவிட்டாள். ஐகோர்ட்துரை பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர், தற்செயலாகத் திரும்பினார். தூங்குகிறவளின் வலது கை மடங்கி, தாடைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. காதுக்குக் கீழே தாடை எலும்பு வளைகிற மூலையில், இரண்டு விரல்முட்டிக்கு நடுவில் எலும்பு கச்சிதமாய்ப் பொருந்தியிருந்தது. மச்சம் இருந்த இடத்தைவிட அது ஒரு விரல் பின்னால். அவர் பையக் கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே திரும்பி அதே இடத்துக்குப் போயிற்று. மறுபடி எடுத்து வைத்தார், மறுபடி போயிற்று. கல்யாணமான காலத்திலிருந்து அவள் இப்படித்தான் தூங்குகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

எழுப்பினார். "கனி, ஏட்டி கனி, உங்கைக்கு ஒரு இடம் இருக்குட்டி. சின்னப்புள்ளையிலேருந்தே அங்கதான் போய்ப் படுக்குதுன்னு நெனைக்கேன். அது யாரையும் தேடல."

"தூக்கத்துல போறது முழிச்சிருக்கப்போ போகுமா?" என்றாள் அவள், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

சாயங்காலம் போய் இழுத்துப் பார்த்தார்கள். போயிற்று, சில சமயம் போகவில்லை. அவள் அதை நம்பவில்லை என்பதுதான் விஷயம். கையில் இடறுகிற மச்சம் இருக்கும்போது நம்பிக்கை தேவைப்படாது.

இப்படி இருக்கும்போதுதான் மாநில அணிக்குத் தெற்கு மாவட்டங்களின் தேர்வை எங்கள் ஊர் மைதானத்திலேயே நடத்துவதாகச் செய்தி வந்தது. அவள் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று அவளே சொன்னாள். அதே நாளில் கம்பெனியிலிருந்து அதிகாரி வருகிறார் என்றும், ஒவ்வொருவரும் அவர் முன்னால் உச்சி வரை ஏறி, இறக்கையைப் பூட்டிக் காட்ட வேண்டும் என்றும் ஐகோர்ட்துரைக்குத் தகவல் வந்தது. கீழேயிருந்து நிறுத்தினால் காற்றாலை இறக்கை சோம்பலாகச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆள் மேலே போய்ப் பூட்டைப் போட்டால்தான் அசையாமல் நிற்கும். ஏற முடியாதவரை வடக்கே எங்கோ இருக்கிற கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். ஊர் முழுவதும் அந்த வாரம் ஒரே பிரார்த்தனைதான்: மச்சம் அன்றைக்கு ஒரு நாள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் யாருக்கு என்ற கேள்வி எனக்கும் அருமைராஜுக்கும் மட்டும்தான் இருந்தது.

தேர்வு நாள் காலையில் தலை சீவக் கண்ணாடி முன்னால் நின்ற சுயம்புகனி, சீப்பைக் கீழே போட்டுவிட்டாள். மச்சம் வந்திருந்தது. அவள் தாடையில், அதன் பழைய இடத்தில், எங்கேயுமே போகாததுபோல உட்கார்ந்திருந்தது. விரல் முட்டியால் தொட்டாள். இடறியது. அவளுக்குச் சந்தோஷத்தில் மூச்சே முட்டியது என்று பிற்பாடு என் மனைவியிடம் சொன்னாள்.

பின்வாசலில் ஐகோர்ட்துரை பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதும், முடிச்சு நழுவுவதும், மறுபடி கட்டுவதுமாக இருந்தார். அவள் வந்து நிற்பது அவருக்குத் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, அவர் நிமிர்வதற்குள் தன் வலது தாடையை அவர் வலது தாடையோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்னட்டி இது, வாசல்ல உக்காந்துகிட்டு?"

"சும்மா இருங்க" என்றாள். நிறைய நேரம் அப்படியே இருந்தாள். "சாயங்காலம் சீக்கிரம் வந்துருங்க என்ன."

உள்ளே போய்த் தன் தாடையைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. வில்லை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

படம் எடுக்க என்னை வரச் சொல்லியிருந்தார்கள். மேற்கிலிருந்து காற்று, வடக்குப் பக்கம் பலகைகள், பல ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள், எல்லோரும் இவளைவிடச் சின்னவர்கள். நான் கிழக்கே தள்ளி நின்று காமிராவைத் தூக்கினால் அவள் முகம் தெரிந்தது, அவள் முதுகுக்குப் பின்னால் தூரத்தில், ஐகோர்ட்துரை ஏற வேண்டிய மேற்குக் கடைசிக் காற்றாலையும் தெரிந்தது. அதன் இறக்கை சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் தாடையைப் பார்த்தேன், மச்சம் இல்லை.

ஒன்று நன்றாகப் போகும், ஒன்று ஓரத்துக்குப் போகும், மறுபடி ஒன்று நன்றாகப் போகும். இப்படியே போய்க் கடைசிச் சுற்றில் ஒரே ஒரு அம்பு மிச்சம் இருந்தது. அது நடுவில் விழுந்தால் அவள் அணியில், இல்லையென்றால் இல்லை. கணக்குத் தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இழுத்தாள். கை தாடைக்கு வந்தது. தேட ஆரம்பித்தது. "ஐயோ, தேடாதே தாயீ" என்று எனக்குப் பக்கத்தில் பீர்முகமது முணுமுணுத்தார். அவள் அம்பை விடாமல் வில்லைப் பையத் தளர்த்தி இறக்கினாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. காற்றைப் பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்தோம், அவள் கழுத்தைத் திருப்பி மேற்கே பார்த்தாள்.

இறக்கை சுற்றியது. இன்னும் ஒரு தரம் சுற்றியது. பாதிச் சுற்றில், அதன் ஒரு கை வானத்தைக் காட்ட, சட்டென்று நின்றது. அப்படியே, அசையாமல் நின்றது. ஒரு மனுஷன் அத்தனை உயரத்தில் போய்க் கையை வைக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறான்.

சுயம்புகனி திரும்பி வில்லைத் தூக்கினாள். இழுத்தாள். அவள் கை முகத்துக்கு வந்து, எதையும் தேடாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குகிறவளின் கை போவதுபோல எலும்பின் மூலையில் போய்ப் படுத்தது. அருகில் நின்று "சரி" என்று சொல்ல ஆள் இல்லை. அவள் தானே உதட்டை அசைத்து அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டாள். அம்பு போனது. நான் பட்டனை அழுத்தினேன்.

நடுவில்தான் விழுந்தது. மைதானமே எழுந்து கூத்தாடியது. பீர்முகமது என்னைத் தூக்கிச் சுற்றினதில் காமிரா தப்பியது பெரிய விஷயம்.

சாயங்காலம் இருவரும் படம் பார்க்க ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஐகோர்ட்துரை வேலை உடுப்பை மாற்றாமலே வந்திருந்தார், உடம்பெல்லாம் கிரீஸ். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அம்பு வில்லைவிட்டு ஒரு முழம் போயிருக்கிறது. அவள் வலது கை பின்னால் காதுக்கு அப்பால் போயிருக்கிறது. தாடை வெளிச்சத்தில் துல்லியமாகத் தெரிகிறது, ஒரு புள்ளியும் இல்லை. தோளுக்குப் பின்னால் காற்றாலை நிற்கிறது. என் ஆயுளில் நான் எடுத்த படங்களில் இதுதான் படம் என்று சொல்லுவேன்.

ஐகோர்ட்துரை படத்திலிருந்த மனைவியின் தாடையை வெகுநேரம் பார்த்தார். "இல்லாமலேவா எய்தே?"

"காலையில வந்துச்சு. உங்களுக்கு வேணும்னு குடுத்துட்டேன்" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே அவர் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். கிரீஸைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

இருவரும் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பார்த்தபடியே இருக்க, நான் தாடையைத் தடவினேன். விரலில் இடறியது. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் கண்ணாடி பார்க்கவில்லை. அந்தப் படம் அவ்வளவு சரியாக எப்படி விழுந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நான் ஒண்ணும் கேட்டு வாங்கலம்மா" என்றேன். சுயம்புகனி சிரித்தாள், அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

சிரிப்பு அடங்கின பிறகு அவள் புருஷனைப் பார்த்தாள். "உங்ககிட்ட இருக்குன்னு நெனைச்சுத்தான் ஏறினியளா?"

"நீ வாசல்ல வந்து ஒட்டுனப்பவே, எனக்குத் தாரியோன்னு சந்தேகம்தான். ஜீப்புக் கண்ணாடியில பார்த்தேன்."

"பார்த்தப்போ?"

"இல்ல."

"இல்லைன்னு தெரிஞ்சுமா ஏறினிய?"

ஐகோர்ட்துரை தன் கையைப் பார்த்துக்கொண்டார். அது அவள் கைமேல் இருந்தது, கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லைன்னு தெரிஞ்சுதான் ஏறினேன்" என்றார். "உங்கிட்ட இருக்குன்னு நெனைச்சேன்."